ஹரோவில் என்ஜின், லூயிஷாமில் லாசால்

லூயிஷாம்
11.01.2025

பிரசாந்தினிக்கு,

என் தொலைபேசி எண்ணை நீர் தடுத்து வைத்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். மகளிடம் சொல்லி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். தக்ஷிகா ஷெஃபீல்டிலிருந்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அப்பா, நீங்கள் ரெண்டு பேரும் பிரிஞ்சு நாலரை வருசம். நான் இனி உங்கட தபால்காரி இல்லை." இருபது வயதுப் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ரயில் பாலத்துக்குக் கீழே நாங்கள் வாடகைக்கு எடுத்த கராஜை மார்ச் 31க்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த வரிசை முழுவதையும் இடித்துத் திருத்தப்போகிறார்களாம். உள்ளே எங்கள் லாசால் கார் நிற்கிறது. நாலு சில்லும் போட்டாயிற்று. கதவுகள் ஒழுங்காகப் பூட்டுகின்றன. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. பொனெட்டைத் திறந்தால் வெறும் குழி.

மனோர் பார்க்கில் கலியாணக் கார் வாடகைக்கு விடுகிற கிருஷ்ணராசா என்பவர் வந்து பார்த்துவிட்டு, தான் எடுக்கத் தயார் என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யாருக்குக் கொடுத்தாலும், கொடுக்காமல் வைத்திருந்தாலும், உம்மிடம் இருக்கிற என்ஜின் வேண்டும். அந்தக் காலத்து லாசாலில் என்ஜின் எண்தான் காரின் எண் என்பது உமக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கண்டுபிடித்ததே நீர்தான். அடிச்சட்டத்தில் அடித்திருந்த எண் துருவில் போய், கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரிகிறது. என்ஜின் பக்கத்தில் இல்லாவிட்டால் இது 1937ஆம் ஆண்டு லாசால் என்று நான் யாருக்கும் நிரூபிக்க ஏலாது. துருப்பிடித்த ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான்.

நீர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஆட்களோடு வந்து ஏற்றிக்கொள்கிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்லும்.

இதை மூன்று தரம் எழுதினேன். முதலாவதை வேலை செய்கிற பஸ் டெப்போவில் சாப்பாட்டு இடைவேளையில், இரண்டாவதை பஸ்ஸில். மூன்றாவதை நின்றுகொண்டே எழுதுகிறேன். இருக்க முடியவில்லை.

கஸ்பர்


ஹரோ
20.01.2025

கஸ்பர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என்ஜின் தரமாட்டேன்.

பிரிந்தபோது நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாத்தையும் நீர் எடும்" என்றீர்கள். நான் வீட்டிலிருந்து உடுப்பையும் புத்தகங்களையும், கராஜிலிருந்து அந்த என்ஜினையும் எடுத்தேன். அண்ணை என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார். நானூறு கிலோ இரும்பை ஹரோவில் ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யப்போவதில்லை என்றேன். அதற்காகத்தான் எடுத்தேன். உங்களிடம் விட்டால் நீங்கள் அதை ஒருநாள் ஓடவைத்துவிடுவீர்கள். உங்கள் இடது கையில் இரண்டு விரலை எடுத்த ஒரு சாமான் ஓடுவதை நான் பார்க்க விரும்பவில்லை.

அது இந்த வீட்டுக் கராஜில் போர்வைக்குக் கீழே இருக்கிறது. நான் கராஜைத் திறப்பதில்லை.

இன்னொன்று. ஐந்து வருடமாகச் சொந்தக்காரர் யாரைக் கண்டாலும் உங்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள். நான் படிப்பிக்கிற சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் தாய்மார்கூட. "உங்கட மனுசன் உங்களை விட்டுக்குடுக்கவே இல்லையே, அப்பிடி ஒரு ஆளை விட்டிட்டு வந்திட்டியளே." ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் "பிழை என்ர" என்று நீங்கள் சொன்னது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்ஜினைத் தூக்கிய செயின் பிளொக்கின் சங்கிலி யாருடைய கையில் இருந்தது என்பதும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 31 உங்கள் பிரச்சினை.

பிரசாந்தினி


லூயிஷாம்
29.01.2025

அன்புள்ள பிரசாந்தினி,

கையைப் பற்றி எழுத வேண்டாம். அது ஆறிவிட்டது. டெப்போவில் என்னைப் பஸ்ஸுக்குக் கீழேயிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். உதிரிப்பாகம் எடுத்துக் கொடுக்க மூன்று விரல் போதும்.

கிருஷ்ணராசா நேற்றுத் திரும்ப வந்தார். நல்ல மனிதர், கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முன்னுக்கு இருக்கிற அந்த ஒடுங்கிய நீளக் கிரிலைத் தடவினார். பிறகு சொன்னார்: "அண்ணை, என்ஜினை மறந்துவிடுங்கோ. நான் ஒரு ஜப்பான் என்ஜினைத் தூக்கி வைக்கிறன். வெள்ளை அடிச்சால் பொம்பிளை மாப்பிள்ளைக்கு நல்லா இருக்கும். எந்தச் சனம் பொனெட்டைத் திறந்து பாக்கப்போகுது?"

"இது லாசால் எல்லோ" என்றேன்.

"என்ன சால்?"

"லாசால். கடிலாக்கின்ர தங்கச்சி."

"அப்ப கடிலாக் எண்டே சொல்லுவம் அண்ணை. ஆருக்கும் விளங்கும்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உலகத்தில் அனேகம் பேர் அப்படித்தான். ஆனால் அவர் போன பிறகு நான் அந்தக் கராஜுக்குள் மேலும் கீழுமாக நடந்தேன். நீர் எனக்கு வாசித்துச் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எசெக்ஸில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்துக்குக் கீழே இதைக் கண்டுபிடித்த வருடம், நீர் ஃபார்மசி வேலை முடிந்து வந்து, அமெரிக்கக் கழகங்களுக்கு எழுதி, பழைய பட்டியல்களை எடுப்பித்து, படுக்கையில் இருந்து வாசிப்பீர். 1927இல் கடிலாக்குக்குக் கீழே, அதைவிட விலை குறைவாக, ஆனால் பார்ப்பதற்கு அதைவிட அழகாக ஒன்றைச் செய்தார்கள் என்று. முப்பதுகளின் பொருளாதாரப் பெருமந்தம் வந்து விற்பனை விழுந்தபோது இதை நிறுத்திவிடத் தீர்மானித்தார்கள் என்று. யாரோ வரைந்து வைத்திருந்த புது மாதிரியைக் காட்டி, "நிறுத்துவதென்றால் நீங்கள் செய்யாமல் விடப்போகிறது இதைத்தான்" என்றதும் மனம் மாறிவிட்டார்களாம். அது உண்மையோ கட்டுக்கதையோ என்று நாங்கள் ஒரு கிழமை சண்டை பிடித்தோம். நீர் ஆதாரம் இல்லை என்றீர். நான் ஆதாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றேன்.

1934இலிருந்து மூன்று வருடம் வேறொரு சாதாரணக் காரின் என்ஜினோடு ஓடியது. 1937இல்தான் கடிலாக் முதல் வருடம் வைத்திருந்த V8 என்ஜின் இதற்குக் கிடைத்தது. அந்த ஒரு வருடம் முப்பத்திரண்டாயிரம் கார். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு விற்கவில்லை. 1940இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடத்துக்கு மாதிரிகூடச் செய்து வைத்திருந்தார்களாம். அது கடிலாக் என்ற பெயரோடு வந்தது.

அப்படிப்பட்ட வருடத்துக் காரில் அந்த V8ஐ எடுத்துவிட்டு ஜப்பான் என்ஜின் வைத்து வெள்ளை அடிப்பதா?

தயவுசெய்து யோசியும்.

கஸ்பர்


ஹரோ
09.02.2025

கஸ்பருக்கு,

இரண்டு பக்கம் காரின் கதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கே நான் சொன்ன கதை. கையைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஒரு வரி. நீங்கள் எப்போதும் இப்படித்தான். அந்த விஷயம் வந்தால் எழும்பிப் போய்விடுவீர்கள், தேத்தண்ணி வைப்பீர்கள், நடப்பீர்கள்.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன்.

2019 நவம்பர் 16, சனிக்கிழமை. என்ஜினைக் காருக்குள் இறக்கும் நாள். நாங்கள் பதினொரு வருடம் காத்திருந்த நாள். என்ஜினின் தலையில் இரும்புத் தகட்டை நாலு போல்டால் இறுக்கி, தகட்டைக் கொக்கியில் மாட்டி, செயின் பிளொக்கில் தூக்கினோம். நான் சங்கிலியை இழுத்து இறக்க வேண்டும். நீங்கள் கீழே நின்று வழிகாட்ட வேண்டும். "மெல்ல, இன்னும் மெல்ல" என்றீர்கள். அப்போது என் கைத்தொலைபேசி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இழுத்தேன். சங்கிலி துள்ளியது. என்ஜின் சரிந்தது. உங்கள் கை அடிச்சட்டத்துக்கும் அதற்கும் இடையில் இருந்தது.

ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியை நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் கார் ஓட்டவில்லை. உங்களுக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். லைசென்ஸ் இருக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் என் கையை என்னால் நம்ப முடிவதில்லை. ஃபார்மசியில் ஒவ்வொரு மருந்தையும் கடைசியாகச் சரிபார்த்துக் கையொப்பம் வைப்பது நான். இப்போது மூன்று தரம் பார்க்கிறேன். பிறகு பக்கத்தில் நிற்கிற பெடிச்சியைக் கூப்பிட்டு நாலாம் தரம் பார்க்கச் சொல்கிறேன். அவள் கண்ணைச் சுழற்றுகிறாள்.

எனக்கு நீங்கள் மன்னிப்புத் தந்தீர்கள். நான் கேட்கவே இல்லை. பிழை செய்தேன் என்று சொல்லவும் விடவில்லை. வாய் திறந்தால் "விடும், என்ர பிழைதான்" என்பீர்கள். ஒன்பது மாதம் அப்படி உங்களோடு இருந்தேன். அந்தப் பெரிய மனது எனக்கு மூச்சடைத்தது. அதனால்தான் விட்டு வந்தேன். யாருக்கும் விளங்காது, உங்களுக்காவது விளங்கட்டும்.

என்ஜின் வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனை. ஒரு தாளில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "பிழை உம்முடையது, பிரசாந்தினி." அதற்குக் கீழே உங்கள் பெயர். அன்றைக்கே ஆட்களை அனுப்பலாம்.

பிரசாந்தினி


லூயிஷாம்
15.02.2025

பிரசாந்தினி,

அந்த வரியை எழுத என்னால் ஏலாது.

வேறு எது வேண்டுமென்றாலும் கேளும். காரை முழுவதும் உமது பெயருக்கு எழுதித் தருகிறேன். கிருஷ்ணராசாவுக்கு மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். என்ஜினே வேண்டாம், நீரே வைத்துக்கொள்ளும்.

கார் ஓட்டுவதில்லை என்று நீர் எழுதியதைப் பார்த்த பிறகு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. நேற்று வேலை முடிந்து லூயிஷாமில் ரயில் ஏறி, கடைசித் தரிப்பான பாங்க் நிலையம் வரை போனேன். இறங்கவில்லை. அதே ரயிலில் திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். கனரி வார்ஃபில் ஏறின சனம் இறங்க, வேறு சனம் ஏற, நான் மட்டும் தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை.

நிபந்தனையை விடும். கார் ஓட்டத் தொடங்கும். உமது கையில் ஒரு பிழையும் இல்லை.

கஸ்பர்


ஹரோ
27.02.2025

கஸ்பருக்கு,

"உமது கையில் ஒரு பிழையும் இல்லை." இதை வாசித்த உடனே கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். மன்னிப்பு இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தக் கோபத்தில் கராஜைத் திறந்தேன். நாலரை வருடத்தில் முதல் தரம். யாரையாவது கூப்பிட்டு என்ஜினைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கொடுப்பதற்கு முன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. எதையும் எழுதி வைக்கிற பழைய பழக்கம். போர்வையை எடுத்து, மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டு துடைக்கத் தொடங்கினேன்.

தூக்கும் தகடு இன்னும் அதிலேயே இருக்கிறது. கழற்றாமலே ஏற்றி வந்திருக்கிறார்கள். மூன்று மூலையில் இறுக்கமாக நிற்கிறது. நாலாவது மூலை வளைந்து மேலே எழும்பியிருக்கிறது. அந்தத் துளையில் ஒரு போல்ட் தொங்குகிறது, விழாமல்.

அதைக் கையில் எடுத்தேன். மற்ற மூன்றையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அரைமணி நேரம் எடுத்தது. மூன்றும் புதியவை, ஒரே நீளம். இது பழையது. ஒரு விரல் அகலம் நீளம் குறைந்த கட்டைப் போல்ட். டோர்ச் அடித்து என்ஜின் தலையிலுள்ள ஓட்டையைப் பார்த்தேன். மேலே நாலைந்து சுற்று மட்டும் திருகுப் புரி அரைபட்டுப் போயிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள புரி புத்தம் புதிதாக, பழைய கிறீஸ் கூட அசையாமல் இருக்கிறது. அதாவது இந்தப் போல்ட் அங்கே போகவே இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு சாமான் எங்கே பிழைத்தது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அன்றைக்குக் காலையில் நான் உங்களைக் கேட்டேன். "நாலும் புதுசோ?" நீங்கள் "ஓம்" என்றீர்கள்.

இந்தப் போல்டை யார் போட்டது?

பிரசாந்தினி


லூயிஷாம்
06.03.2025

பிரசாந்தினி,

நான் போட்டேன்.

இனி இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் எழுதுகிறேன்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நாலு போல்ட் வாங்கி வந்தேன். ஒன்றின் புரி பழுது, ஏறவில்லை. கடை பூட்டிவிட்டது. திங்கட்கிழமை மாற்றலாம், ஆனால் உமக்கு அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வேலை. மூன்று கிழமை பொறுக்க வேண்டும். பதினொரு வருடம் பொறுத்தவனுக்கு மூன்று கிழமை பொறுக்க முடியவில்லை. கழிவுச் சாமான் போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் தேடினேன். அதே தடிப்பில் ஒன்று கிடந்தது. கட்டை என்று தெரியும். நாலைந்து சுற்றுத்தான் பிடித்தது. மற்ற மூன்றும் பிடிக்கும், பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன். முப்பது வருடம் பஸ்ஸுக்குக் கீழே வேலை செய்தவன் நான். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

நீர் கேட்டபோது "ஓம்" என்றேன். இல்லை என்றால் நீர் விட்டிருக்கமாட்டீர்.

சங்கிலி துள்ளினதால் என்ஜின் சரியவில்லை. என்ஜின் சரிந்ததால்தான் சங்கிலி துள்ளியது. போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் கண்டேன். நீர் தொலைபேசியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் "பிழை என்ர" என்று நான் சொன்னது பொய் இல்லை. உள்ளதைத்தான் சொன்னேன். மிச்சத்தையும் சொல்லத்தான் வாய் எடுத்தேன். நீர் என்ர மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ" என்று அழுதீர். அதற்குள் உமது அண்ணர் சச்சிதானந்தன் உள்ளே வந்து, "மச்சான், நீர் பெரிய மனுசன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருந்து மயக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மயக்கம் இல்லை.

ஏன் பிறகும் சொல்லவில்லை என்று கேட்பீர். இதைத்தான் ரயிலில் எழுத முடியாமல் இருந்தது. நீர் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கலியாணம் கட்டின நாளிலிருந்து நீர்தான் கெட்டிக்காரி, நீர்தான் சரி பார்ப்பவர். நான் அவசரக்காரன். முதல் தரமாக நீர் என்னைப் பெரிய ஆளாகப் பார்த்தீர். ஒரு கிழமை அதை வைத்திருப்போம், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு கிழமை ஒரு மாதம் ஆனது. பிறகு சொன்னால் நீர் போய்விடுவீர் என்று பயந்தேன். சொல்லாததால் நீர் போனீர்.

கார் ஓட்டுவதை விட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று என்னை நானே கேட்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுத விருப்பம். நிச்சயமாகத் தெரியவில்லை.

கஸ்பர்


ஹரோ
12.03.2025

கஸ்பருக்கு,

இதைத் தக்ஷிகாவுக்குச் சொல்லுங்கள். அண்ணைக்குச் சொல்லுங்கள். நேரே போய், உங்கள் வாயால். நான் சொல்லமாட்டேன். ஐந்து வருடம் உங்களைப் புகழ்ந்த வாய்கள் அவை.

அது வரைக்கும் எனக்கு எழுத வேண்டாம்.

பிரசாந்தினி


லூயிஷாம்
24.03.2025

பிரசாந்தினி,

சொல்லிவிட்டேன்.

முதலில் தக்ஷிகா. சனிக்கிழமை ஷெஃபீல்டுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கோப்பிக் கடையில் இருந்து சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். முடிந்ததும் ஒரு கேள்வி, ஆங்கிலத்தில். அம்மா போனபோது அப்பா என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது. "அம்மாவைக் கோவிக்காதே, அவவுக்குக் குற்ற உணர்ச்சி" என்று சொன்னேனாம். பதினைந்து வயதில் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். "நான் அதை நம்பி அம்மாவோட ஒரு வருசம் ஒழுங்காக் கதைக்கேல்லை அப்பா" என்று தமிழில் சொல்லிவிட்டு எழும்பினாள். கோப்பியைக் குடிக்கவில்லை. என்னோடு பிளாட்ஃபோர்ம் வரைக்கும் நடந்து வந்தாள். ரயில் வந்தபோது என் ஜக்கெட்டின் ஸிப்பை மேலே இழுத்துவிட்டாள். கை சரியில்லாததால் நான் அதை அரைவாசியில் விட்டுவிடுவேன்.

அடுத்த நாள் ஞாயிறு, ஹரோவுக்கு. உமது வீட்டுத் தெருவால் போகாமல் சுற்றிப் போனேன். அண்ணர் கதவைத் திறந்து சந்தோசமாகக் கட்டிப் பிடித்தார். "வாரும் மச்சான், எத்தினை வருசம்!" நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். அவர் முகம் மாறினது தெரிந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்ர தங்கச்சி ஒரு தண்ணிப் போத்தல் பெட்டியைக்கூடத் தூக்கமாட்டாள், தெரியுமோ? 'அண்ணை, விழுந்திடும், நீங்கள் தூக்குங்கோ' எண்டுவாள். விசர் எண்டு நினைச்சன். அவளை நானும் ஏசினனான் காணும். உம்மட பக்கம் நிண்டு ஏசினனான்."

"தெரியும் அண்ணை."

"உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். பிறகு, "இப்ப போம். நான் அவளிட்டப் போய் என்னத்தைச் சொல்லுறது எண்டு யோசிக்கவேணும்" என்று கதவைச் சாத்தினார். அவர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது.

கிருஷ்ணராசா நேற்றுப் பின்னேரம் கூப்பிட்டார். இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது, என்ன முடிவு என்று கேட்டார். பிரசாந்தினி சொல்வதுதான் முடிவு என்றேன். வெள்ளை அடிப்பதென்றாலும் அடிக்கட்டும். இந்தக் காரில் முடிவு சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை. நீர் ஒன்றும் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவர் வந்து எடுத்துப் போவார். அவருடைய எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்பீரா என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. கேட்பது சரியா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

கஸ்பர்


ஹரோ
26.03.2025

இஞ்சாருங்கோ,

இது விரைவுத் தபாலில் வருகிறது, வியாழக்கிழமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கிருஷ்ணராசாவோடு நான் கதைத்துவிட்டேன். "அக்கா, வெள்ளை அடிக்கமாட்டன் எண்டாலும் தரமாட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். பாவம், "சரி அக்கா, முடிச்ச பிறகு ஒருக்காக் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லொறி வரும். காரை ஹரோவுக்கு ஏற்றுகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், கராஜை முழுதாகப் பாவிக்கலாம் என்கிறார். தமிழ் வகுப்புக்கு லீவு சொல்லியிருக்கிறேன். நானும் லொறியோடு வருவேன். நீங்கள் கதவுகளைக் கயிற்றால் கட்டி, கண்ணாடிக்கு அட்டை வைத்து, ஸ்டியரிங்கை நேராக்கி வையுங்கள். கழற்றி வைத்த பொருள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, எது எங்கேயுள்ளது என்று பெயர் எழுதுங்கள். அந்தத் தகரப் பேணியைக் கொண்டுவர வேண்டாம்.

அண்ணை வந்தார். ஞாயிறு பின்னேரமே வந்துவிட்டார். வாசலில் நின்று அழுதார். அறுபத்தாறு வயது மனிதர். எனக்கு அவரைத் தேற்றுவதற்கே நேரம் போய்விட்டது. தக்ஷிகா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் எடுக்கிறாள். இரண்டு பேரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், நான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

நேற்று ஃபார்மசியில் ஒரு மருந்தை ஒரே தரம் பார்த்துக் கையொப்பம் வைத்தேன். வைத்த பிறகு பின்னுக்குள்ள அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோசத்தில் இல்லை. நாலரை வருடம் போய்விட்டது என்றுதான். தக்ஷிகா வளர்ந்த வருடங்கள். நான் ஓட்டிப் போயிருக்கக்கூடிய இடங்கள். உங்களோடு இருந்திருக்கக்கூடிய நாட்கள்கூட. உங்கள் அவசரத்தை நான் மன்னித்திருப்பேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருப்பேன், பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருப்பேன். அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இந்தக் காரை நான் முடிப்பேன். நீங்கள் சனிக்கிழமைகளில் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு வரலாம், வகுப்பு முடிந்து நான் வந்துவிடுவேன். சாவியும் பொறுப்பும் என்னிடம். நான் பார்க்காமல் ஒன்றையும் முறுக்கக் கூடாது. தொலைபேசி எண்ணை நான் திறக்கப்போவதில்லை, ஏதாவதிருந்தால் எழுதுங்கள். உங்களுக்கு எழுதத் தெரிகிறது, இவ்வளவு காலம் எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பீரா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. ஐந்து வருடமாக உங்கள்மேல் ஒரு நாள்கூட என்னால் கோபப்பட முடியவில்லை, அதற்கு நீங்கள் இடம் தரவில்லை. இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். அது எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல ஏலாது. அதுவரைக்கும் நான் ஏசுவது உங்களுக்குக் கேட்கிற தூரத்தில் இருங்கள்.

பிரசாந்தினி